யூடியூப், விமியோ வீடியோக்களைத் தளப் பதிவுகளோடு ஒத்திசைப்பது: இரட்டைப் பதிவு, குவோட்டா, தேதிக் குழப்பம்

1. மலையடி (குவாத்ர் போர்ன்)

வணக்கம். மொரீஷியஸில் கோவில் சங்கத் தளம் ஒன்று, வேர்ட்பிரஸ். யூடியூப் சேனலில் சுமார் 1,100 வீடியோ, 36 பிளேலிஸ்ட்: காவடி, தீமிதி, வருஷப் பிறப்பு, சொற்பொழிவு, தமிழ் வகுப்பு. விமியோவில் தனியாக 90 பாடங்கள், அவை நம் தளத்துக்குள் மட்டும்தான் ஓட வேண்டும். மணிக்கொரு தரம் ஒரு பிளகின் ஓடி எல்லாவற்றையும் பதிவாக மாற்றுகிறது.

சிக்கல்கள் இவை. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு 403 பிழை (அனுமதி மறுப்பு) தொடங்கி, மறுநாள் பதினொரு மணி வரை புதிதாக ஒன்றும் வராது. பழைய வீடியோக்களில் பாதிக்கு மேல் வரவே இல்லை. சில வீடியோ இரண்டு மூன்று பதிவாக நிற்கிறது. தளத்தில் தலைப்பைத் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. விடியற்காலைப் பூசை வீடியோக்களின் தேதி ஒரு நாள் முந்தி விழுகிறது. பிளகினைத் தூக்கிவிட்டு நாமே எழுதலாம் என்று எண்ணம். எதில் கை வைப்பது முதலில்?

2. குவோட்டாக்காரன் (ரோஸ் ஹில்)

முதல் இரண்டும் ஒரே நோய். உங்க பிளகின் யூடியூப் ஏபிஐ-யின் (நிரல்கள் தகவல் கேட்கிற வாசல்) தேடல் அழைப்பைப் பயன்படுத்துது. கணக்குப் பாருங்க: ஒரு நாளுக்கு இயல்பாகக் கிடைக்கிற குவோட்டா 10,000 யூனிட். தேடல் ஒரு தடவைக்கு 100 யூனிட், ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 50 வீடியோ. அதுவும் சேனல் ஐடி கொடுத்து வீடியோ மட்டும் தேடினால் 500-க்கு மேல் தராது. ஆக பத்துப் பக்கம், 1,000 யூனிட், மணிக்கு ஒரு தடவை. பத்து ஓட்டத்தில் பை காலி. பழைய 600 வீடியோ எந்த ஓட்டத்திலும் கண்ணில் படாது.

குவோட்டா புதுப்பிக்கப்படுவது அமெரிக்க பசிபிக் நேர நள்ளிரவில். நமக்கு அது காலை 11 மணி, அங்கே கோடை நேரம் முடிந்த மாதங்களில் பகல் 12. காலை 11-க்குத் தொடங்கி ராத்திரி 8 வரை பத்து ஓட்டம். நீங்க சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகுதா?

மாற்று வழி: ஒவ்வொரு சேனலுக்கும் 'பதிவேற்றங்கள்' என்று ஒரு மறை பிளேலிஸ்ட் இருக்கு. சேனல் ஐடி யூசி (UC) என்று ஆரம்பிக்கும். இரண்டாவது எழுத்தையும் யூ ஆக்கினால் அந்த பிளேலிஸ்டின் ஐடி. பிளேலிஸ்ட் உருப்படிகளைக் கேட்கும் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு 1 யூனிட்தான். 1,100 வீடியோவுக்கு 22 பக்கம், 22 யூனிட். பிறகு ஐடிகளை ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து வீடியோ விவர அழைப்பு, அதுவும் 22 யூனிட். நீளம், எம்பெட் அனுமதி (வேறு தளத்தில் பதித்துக் காட்டலாமா), நேரலை நிலை எல்லாம் இதில்தான் வரும். 36 பிளேலிஸ்டையும் படித்தால் இன்னொரு 40, 50. முழு ஒத்திசைவே 100 யூனிட்டுக்குள் அடக்கம்.

3. மலையடி

அச்சு அசலாக 500-இல்தான் நிற்கிறது, அண்ணே. அப்படியானால் மணிக்கு ஒரு தடவை முழுசாகவே ஓட்டலாமே?

4. குவோட்டாக்காரன்

ஓட்டலாம், தேவையில்லை. முழு ஓட்டம் ராத்திரி ஒரு தடவை போதும். நடுவில் புதுசு வந்ததா என்று பார்க்க பதிவேற்ற பிளேலிஸ்டின் முதல் பக்கம் மட்டும், 1 யூனிட். ஆனால் அந்த ராத்திரி ஓட்டத்தை விட்டுவிடாதீங்க. ஏபிஐ-யில் எடுத்த தகவலை 30 நாளுக்குள் புதுப்பிக்கணும் அல்லது நீக்கணும் என்பது யூடியூபின் விதி. தினமும் ஓடினால் அதுவும் தானாக நிறைவேறிடும்.

சேனலின் ஆர்எஸ்எஸ் ஓடைக்கு (புதுசா வந்ததைப் பட்டியலிடும் கோப்பு) குவோட்டாவே கிடையாது, ஆனால் கடைசி 15 வீடியோதான் தரும். காவடி அன்னைக்கு இருபது துண்டு ஏறினால் ஐந்து நழுவிடும்.

5. நெடுவரிசை (குயுர்பிப்)

இரட்டைப் பதிவுக்கு வருவோம். வேர்ட்பிரஸின் மெட்டா டேபிளில் (பதிவுகளின் கூடுதல் தகவல் இருக்கும் அட்டவணை) 'இந்த மதிப்பு ஒரு தடவைதான் வரலாம்' என்ற கட்டுப்பாடே கிடையாது. கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது 'இப்போதே ஒத்திசை' பட்டனை அழுத்தினால் இரண்டு ஓட்டமும் 'இந்த ஐடி இருக்கா?' என்று கேட்கும், இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வரும், இரண்டும் பதிவு உருவாக்கும். அவ்வளவுதான் விஷயம்.

தனி டேபிள் ஒன்று போடுங்கள். ஹோஸ்ட் பெயர், வீடியோ ஐடி, வேர்ட்பிரஸ் பதிவு எண், ஹோஸ்ட் தந்த தலைப்பு, நீளம், கடைசியாகப் பார்த்த நேரம், எத்தனை ஓட்டமாகக் காணவில்லை என்ற எண்ணிக்கை. ஹோஸ்ட் பெயரும் ஐடியும் சேர்ந்து தனித்துவச் சாவி, அதாவது அதே ஜோடி இரண்டாம் தடவை வர முடியாது. முதலில் இந்த டேபிளில் வரியைச் சேர்க்க வேண்டும். அது தேறினால்தான் பதிவை உருவாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பயனில்லை.

இதில் ஒரு கண்ணிவெடி. யூடியூப் ஐடி 11 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு. வேர்ட்பிரஸின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் வழக்கமாக இருக்கும் ஒப்பீட்டு முறையோ இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஐடி இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் பைனரி ஒப்பீடு கொடுங்கள். இல்லாவிட்டால் அபூர்வமாக ஒரு வீடியோ இன்னொன்றின் பதிவில் போய் உட்கார்ந்துகொள்ளும், கண்டுபிடிக்கவே முடியாது.

வேர்ட்பிரஸின் உள் கிரானையும் நிறுத்திவிடுங்கள். அது யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். நள்ளிரவில் யாரும் வராவிட்டால் ஓடாது. கான்ஃபிக் கோப்பில் அதை முடக்கிவிட்டு, சர்வர் கிரானிலிருந்து கட்டளை வரி வழியாக ஓட்டுங்கள், முன்னால் எஃப்லாக் பூட்டு (ஒரே நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் விடும் கட்டளை) போட்டு. பட்டனும் அதே பூட்டைக் கேட்கட்டும்.

6. செம்பருத்தி (போர்ட் லூயி)

தலைப்புத் திரும்பிப் போவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ட்ருபாலிலும் (வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருள்) இதே கதைதான். ஒரே ஃபீல்டில் இரண்டு பேர் எழுதினால் கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார். ஒத்திசைவுதான் எப்போதும் கடைசியாக எழுதும்.

ஃபீல்டுகளை இரண்டு சொந்தமாகப் பிரியுங்கள், மலையடி. ஹோஸ்டுக்குச் சொந்தமானவை: மூலத் தலைப்பு, மூல விவரம், நீளம், தம்ப்நெயில், வெளியிட்ட நேரம், தனியுரிமை நிலை. இவற்றை ஆசிரியர் திரையில் பூட்டிக் காட்டுங்கள், யாரும் தொட முடியாதபடி. தளத்துக்குச் சொந்தமானவை: காட்சித் தலைப்பு (தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் தனித்தனியாக), நிகழ்ச்சி நடந்த நாள், கோவில், பேச்சாளர், திருவிழா. இவற்றை ஒத்திசைவு எந்தக் காலத்திலும் தொடக் கூடாது. பக்கத்தில் காட்டும்போது தளத் தலைப்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் மூலத் தலைப்பு.

ஆசிரியர் தலைப்பைத் திருத்தும்போது அப்போதிருந்த மூலத் தலைப்பின் ஹாஷையும் (எழுத்துகளிலிருந்து கணக்கிடும் குறுங்குறி) சேமியுங்கள். பிறகு யூடியூபில் யாராவது தலைப்பை மாற்றினால் ஹாஷ் ஒத்துப்போகாது. அப்போது எதையும் மாற்றாமல், 'பார்க்க வேண்டியவை' பட்டியலில் மட்டும் போடுங்கள்.

ஹாஷ் எடுக்கும் முன் யூனிகோடை என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், இது தமிழுக்குக் கட்டாயம். 'கோவில்' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி பிளஸ் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது, ஹாஷ் மட்டும் வேறாக வரும். தேடலிலும் பாதிப் பதிவு சிக்காது. பிஎச்பி-யில் இன்டில் நீட்சி இருந்தால் நார்மலைசர் ஒரு வரி வேலை.

7. பாய்மரம் (மாயேபூர்)

எதற்கு இவ்வளவு? தளத்தையே மூலமாக வைத்து, அங்கே திருத்தியதை ஏபிஐ வழியாக யூடியூபுக்கு எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே தலைப்பு, ஒரே இடம்.

8. குவோட்டாக்காரன்

எழுதலாம், விலை தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க. வீடியோ விவரத்தைத் திருத்தும் அழைப்பு ஒன்றுக்கு 50 யூனிட். 10,000-ஐயும் அதுக்கே கொடுத்தாலும் நாளுக்கு 200 வீடியோதான், 1,100-க்கு ஆறு நாள்.

அதைவிட ஆபத்து வேற. அந்த அழைப்பு, அனுப்பின பகுதியை முழுசா மேலெழுதும். தலைப்பை மட்டும் அனுப்பினால் விவரமும் குறிச்சொற்களும் அழிஞ்சிடும். வகை எண் இல்லாட்டி பிழை வரும். முதலில் படிச்சு, அதில் ஒண்ணை மட்டும் மாத்தி, முழுசையும் திருப்பி அனுப்பணும்.

தமிழில் எழுதுறவங்களுக்கு இன்னொண்ணு: விவரத்தின் எல்லை 5,000 பைட், எழுத்து இல்லை. தமிழ்க் குறியீடு ஒண்ணு மூணு பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. சுமார் 1,650 குறியீட்டோட கதை முடிஞ்சுது. தளத்தில் நீளமா எழுதின பாட விளக்கம் அப்படியே போகாது.

எழுத அனுமதி வேணும்னா ஓஆத் (சேனல்காரர் உள்நுழைஞ்சு தர்ற அனுமதி) வேணும். சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு இல்லாம நிரலுக்கே தர்ற கணக்கு) யூடியூபில் வேலை செய்யாது. கூகுள் கன்சோலில் செயலி 'சோதனை' நிலையில் இருந்தால் ரிஃப்ரெஷ் டோக்கன் (அந்த அனுமதியைப் புதுப்பிக்கிற சாவி) ஏழு நாளில் செத்துடும். வாரத்துக்கு ஒரு தடவை ஒத்திசைவு நிக்குதுன்னு புலம்புறவங்க முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

9. பாய்மரம்

சரி, புதிய வீடியோவுக்கு மட்டும் எழுதினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பழையதைத் தொட வேண்டாம். ஆனால் கூகுளில் தேடுகிறவர் யூடியூபுக்குத்தான் முதலில் போகிறார். அங்கே தப்புத் தலைப்பு நிற்பதை நான் விட மாட்டேன்.

10. செம்பருத்தி

அதில் எனக்கும் உடன்பாடுதான். 'பார்க்க வேண்டியவை' பட்டியலில் ஒரு பட்டன் வையுங்கள்: 'யூடியூபுக்கு அனுப்பு'. ஆள் பார்த்து அழுத்தினால் போகட்டும். தானாகப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் தானாக எழுதும் ஒத்திசைவை ஒரு சின்னக் குழுவால் கட்டி மேய்க்க முடியாது.

11. நெடுவரிசை

அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வீடியோ தனிப்பட்டதாக மாற்றப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ, ஏபிஐ சாவி மட்டும் வைத்துக் கேட்டால் விவர அழைப்பில் அது வரவே வராது. பிழையும் இல்லை, 50 கேட்டால் 49 வரும். திறந்த பிளேலிஸ்டுகளில் மட்டும் 'பிரைவேட் வீடியோ', 'டெலிட்டட் வீடியோ' என்ற தலைப்போடு கூடு நிற்கும். அந்தத் தலைப்பைப் பதிவில் ஏற்றிவிடாதீர்கள்.

வராததை உடனே அழிக்கும் நிரல்தான் பெரிய சேதம் செய்யும். குவோட்டா தீர்ந்து 403 வருகிறது, நிரல் அதை வெற்றுப் பட்டியல் என்று படிக்கிறது, மொத்தச் சேமிப்பும் குப்பைக்குப் போகிறது. ஆகவே: முழு ஓட்டம் எல்லாப் பக்கமும் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் காணாமல் போன கணக்கை எடுங்கள். மூன்று முழு ஓட்டம் தொடர்ந்து காணவில்லை என்றால் பதிவை வரைவு நிலைக்கு மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காணவில்லை என்றால் எதையும் தொடாமல் நின்று மின்னஞ்சல் அனுப்பட்டும்.

யூடியூபில் கோப்பை மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலி சரியில்லை என்று மறுபடி ஏற்றினால் புது ஐடி. அந்தச் சமயத்தில் பழைய பதிவிலேயே ஐடியை மாற்ற ஒரு வழி வேண்டும். முகவரியும் கருத்துகளும் காப்பாற்றப்படும். விமியோவில் இந்தத் தொல்லை இல்லை, கோப்பை மாற்றினாலும் ஐடி அப்படியே இருக்கும்.

12. மலையடி

தேதி? அதோடு காவடி நேரலை. சென்ற முறை காலையில் தொடங்கி ராத்திரி வரை ஒரே ஒளிபரப்பாகப் போனது, பதிவு கிடைக்கவில்லை.

13. குவோட்டாக்காரன்

நேரலை 12 மணி நேரத்தைத் தாண்டினால் யூடியூப் தானாகச் சேமிக்காது. இரண்டா வெட்டுங்க: ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் ஒண்ணு, கோவிலில் அபிஷேகம் தொட்டு இன்னொண்ணு. பார்க்கிறவங்களுக்கும் அதுதான் வசதி.

ஒத்திசைவில் நேரலைக்குத் தனி நடை வேணும். முன்கூட்டியே அறிவிச்ச நேரலை, நேரலை நிலை 'வரவிருக்கிறது' என்ற குறியோட வரும், நீளம் பூஜ்யம். அதை அப்படியே வாங்கி மறந்துட்டா தளத்தில் காலத்துக்கும் 0:00 என்று நிக்கும். நீளம் பூஜ்யமா இருக்கிறதை மட்டும் தனியா மணிக்கு ஒரு தடவை கேளுங்க, 50 வரை 1 யூனிட்தான். நிலை மாறி நீளம் வந்ததும் விட்டுடலாம்.

தேதிக்கு இரண்டு காரணம். ஒண்ணு, யூடியூப் தர்றது யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்), நாம யூடிசி-யை விட 4 மணி முந்தி. விடியற்காலை 2 மணிக்கு ஏத்தினது யூடிசி-யில் முந்தின நாள் ராத்திரி 10. உங்க பிளகின் அதை மாத்தாம உள்ளூர் நேரமா எழுதுது. நேர மண்டலத்தை 'பிளஸ் 4' என்று வைக்காம மொரீஷியஸ் நகரப் பெயராலே வைங்க: 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை இங்கே கோடை நேரம் இருந்தது, அந்தக் காலத்து வீடியோ பிளஸ் 4-இல் ஒரு மணி நேரம் தப்பும்.

இரண்டாவது நுணுக்கமானது. பிளேலிஸ்ட் உருப்படியில் இரண்டு தேதி இருக்கு. 'ஸ்னிப்பெட்' பகுதியில் வர்றது அந்த வீடியோ பிளேலிஸ்டில் சேர்க்கப்பட்ட தேதி. வீடியோ வெளியான தேதி 'உள்ளடக்க விவரம்' பகுதியில். முதலாவதை எடுத்தால், பழைய தீமிதி வீடியோவைப் புது பிளேலிஸ்டில் சேர்த்ததும் அது இன்னைக்குத் தேதியில் முகப்புக்கு வந்து நிக்கும்.

14. செம்பருத்தி

அந்த இரண்டும் நிகழ்ச்சி நடந்த நாள் இல்லை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றியதற்கு அது தளத்தின் சொந்த ஃபீல்டாகவே இருக்கட்டும், காப்பகப் பக்கம் அதை வைத்து அடுக்கட்டும்.

பிளேலிஸ்டைப் பொறுத்தவரை ஒவ்வொன்றையும் ஒரு டேக்ஸானமிச் சொல்லோடு (பதிவுகளை வகைப்படுத்தும் சொல்) கட்டுங்கள், சொல்லின் மெட்டாவில் பிளேலிஸ்ட் ஐடி. பெயரை வைத்துக் கட்டாதீர்கள். 'காவடி 2019' 'தைப்பூசம் 2019' ஆனால் இரண்டு சொல் முளைக்கும். ஒரே வீடியோ பல பிளேலிஸ்டில் இருக்கலாம், ஆகவே வரிசை எண்ணைப் பதிவில் வைக்க முடியாது, வீடியோவும் சொல்லும் சேரும் இடத்தில் வையுங்கள். பாட வரிசைக்கு இது முக்கியம்.

முகவரி ஸ்லக்கையும் (பதிவின் முகவரியில் வரும் பெயர்த் துண்டு) இப்போதே முடிவு செய்யுங்கள். வேர்ட்பிரஸ் ஸ்லக் 200 எழுத்து, ஆனால் தமிழ்க் குறியீடு ஒன்று சதவீதக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்தைத் தின்னும். 22 குறியீட்டில் வெட்டுப்படும். 'தைப்பூசக் காவடித் திருவிழா' என்பதே அதைத் தாண்டிவிடுகிறது. வீடியோ ஐடியை ஸ்லக்காக வைக்கலாமா என்றால், வேர்ட்பிரஸ் அதைச் சின்ன எழுத்தாக்கிவிடும். நாளும் பதிவு எண்ணும் போதும்.

15. பாய்மரம்

விமியோ 90 பாடம் பற்றி: டொமைன் கட்டுப்பாடு போட்டிருந்தால் வேர்ட்பிரஸோ ட்ருபாலோ தானாகச் செய்யும் ஓஎம்பெட் கேள்விக்கு (வீடியோ முகவரியைக் கொடுத்து பிளேயர் நிரலைக் கேட்பது) 403 வரும். கேட்பது உங்கள் சர்வர். அந்தக் கேள்வியில் ரெஃபரர் (எந்தத் தளத்திலிருந்து கேட்கிறோம் என்ற தகவல்) இருக்காது, விமியோவுக்கு யார் கேட்கிறார் என்று தெரியாது. ஐஃப்ரேமை (பிளேயரைப் பக்கத்துக்குள் பதிக்கும் சட்டம்) நீங்களே கட்டுங்கள். பட்டியலில் காட்டாத வீடியோ என்றால் எண்ணோடு கூட ஹாஷும் வேண்டும், பிளேயர் முகவரியில் எச் என்ற அளவுருவாக. எண்ணை மட்டும் சேமித்தால் வீடியோ ஓடாது. பக்கத்துக்கு 100 வீதம் கேட்கலாம், திருத்திய நேரப்படி அடுக்கிக் கேட்டால் மாறியது மட்டும் கிடைக்கும், தேவையான ஃபீல்டுகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

16. மலையடி

ஏற்கெனவே இருக்கிற இரட்டைப் பதிவுகளை என்ன செய்வது? தனித்துவச் சாவியைப் போட்டால் டேட்டாபேஸ் ஏற்க மறுக்கிறது.

17. நெடுவரிசை

மறுக்கத்தான் செய்யும். சாவி கடைசியில். முதலில் முழு பேக்கப். பிறகு ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஐடியைப் பிரித்தெடுங்கள். முகவரி ஐந்து உருவத்தில் இருக்கலாம்: வாட்ச், குறுமுகவரி, எம்பெட், ஷார்ட்ஸ், லைவ். ஐடி ஒன்றாக இருப்பவற்றைக் குழுவாக்கி, ஆசிரியர் கை வைத்த பதிவையோ கருத்து உள்ள பதிவையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் பழையதை. மற்றவற்றின் டேக்ஸானமிச் சொற்களையும் கருத்துகளையும் அதற்கு மாற்றி, பழைய முகவரிகளுக்கு 301 (நிரந்தரத் திருப்பம்) போட்டு, பிறகுதான் நீக்க வேண்டும். ஒத்திசைவு இத்தனை நேரமும் நின்றிருக்கட்டும். அதன்பின் சாவி, அதன்பின் கிரான்.

18. மலையடி

சோதனைத் தளத்தில் ஓட்டினேன், பதிவுகள் சரியாக வருகின்றன. ஆனால் யூடியூப் பிளேயரில் எல்லாவற்றுக்கும் 'பிழை 153'. பழைய தளத்தில் அதே வீடியோ ஓடுகிறது.

19. குவோட்டாக்காரன்

சோதனைத் தளத்தின் சர்வர் அனுப்புற ஹெடர்களில் ரெஃபரர் கொள்கை 'நோ ரெஃபரர்' என்று இருக்கும், பாதுகாப்பு பிளகின் எதாவது போட்டிருக்கும். யூடியூப் பிளேயர் எந்தத் தளத்திலிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் ஓடும். 'ஸ்ட்ரிக்ட் ஆரிஜின் வென் கிராஸ் ஆரிஜின்' என்று மாத்துங்க. ஐஃப்ரேமிலேயே அந்தப் பண்பைத் தனியா எழுதியிருந்தா அதையும் பாருங்க, அதுதான் ஜெயிக்கும்.

அதோட தம்ப்நெயிலில் சாம்பல் நிறச் சின்னப் பெட்டி தெரிஞ்சா, பழைய குறைந்த தர வீடியோவுக்கு 1280-க்கு 720 படமே இல்லைன்னு அர்த்தம். ஏபிஐ தர்ற பட்டியலில் உள்ளதில் பெரியதை எடுங்க, முகவரியை நீங்களா கட்டாதீங்க.

20. மலையடி

ரெஃபரர் கொள்கையை மாற்றியதும் ஓடுகிறது. தம்ப்நெயிலை ஏபிஐ பட்டியலிலிருந்து எடுக்கிறபடி மாற்றிவிட்டு, இரட்டைகளைப் பிரிக்கும் வேலையை இந்த வாரம் தொடங்குகிறேன்.